கையெழுத்து வாங்கப் போன பயணம்

கடலை முதன்முதலாகப் பார்த்தபோது தாரிகா அழவுமில்லை, சிரிக்கவுமில்லை. பினாங்குத் தீவின் பத்து பெரிங்கி கடற்கரை மணலில் காமினி அவளை இறக்கி விட்டதும், கடைக்கு வந்த பெரிய மனுஷி போல இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். ஓர் அலை வந்து கால்விரல்களை நனைத்துவிட்டுப் போனது. "தண்ணி ஓடுது," என்றாள். அடுத்த அலை வந்தது. "திருப்பி வந்துச்சு!" என்று கத்திக்கொண்டே ஓடிவந்து காமினியின் முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

பள்ளி விடுமுறை வாரம். தீவே பொங்கி வழிந்தது. தலைக்கு மேலே பாராசூட்டில் ஆட்கள் கூவிக்கொண்டு பறந்தார்கள். தண்ணீரில் ஸ்கூட்டர்கள் உறுமின. வாடகைக் குதிரை ஒன்று மணலைக் கிளப்பிக்கொண்டு போனது. சோளம் சுடும் புகை கண்ணைக் கரித்தது. மோகனராஜ் கைப்பேசியைக் கீழே வைக்காமல் படம் எடுத்துக்கொண்டே இருந்தான். பிள்ளை மணலைத் தின்றால் ஒரு படம், தும்மினால் ஒரு படம்.

"போதும்லா, ஃபோனு சூடாயிடும்," என்று காமினி சிரித்தாள்.

"இருக்கட்டும்," என்றான் அவன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அதை அப்போது அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கல்யாணமாகிப் பதின்மூன்று வருடத்தில் அவர்கள் குடும்பமாகப் போன முதல் சுற்றுலா அது. சிரம்பானில் ஏர்கான் பழுது பார்க்கும் வேலை அவனுக்கு. ஞாயிற்றுக்கிழமை கூடக் கூப்பிட்டால் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அப்படிப்பட்டவன் தானாகவே வந்து, "மூணு நாளு பினாங்குக்குப் போய்ட்டு வரலாமா?" என்று கேட்டபோது காமினிக்கு நம்பிக்கையே வரவில்லை. அப்புறம் புரிந்துகொண்டாள். பினாங்கில்தானே துளசி இருக்கிறாள்.

துளசி மோகனராஜின் தங்கை. இருபத்தொரு வயதில், நம்பியவன் கைவிட்டுப் போன பிறகு, சிரம்பான் ஆஸ்பத்திரியில் தாரிகாவைப் பெற்றாள். வீட்டில் ஒருவரும் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பத்து வருடமாகக் கோயில், டாக்டர், ஊசி, மாத்திரை என்று அலைந்து ஓய்ந்திருந்த காமினியின் கையில், பிறந்து இருபத்திரண்டு நாளான பிள்ளையைத் துளசி கொடுத்தாள். கொடுத்துவிட்டு வேலை தேடிப் பினாங்குக்குப் போய்விட்டாள். காமினி கையுறைத் தொழிற்சாலை வேலையை அன்றைக்கே விட்டாள். ராத்திரி இரண்டு மணிக்குப் பால் கலக்கவும், காய்ச்சலென்றால் கிளினிக் வாசலில் விடியும்வரை உட்காரவும் அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. அங்கேயே ஸ்ரீகரனைக் கல்யாணம் செய்துகொண்ட துளசி இதுவரை மூன்று தடவை வந்து பார்த்திருக்கிறாள். தாரிகா அவளை "அத்த" என்று கூப்பிடுவாள்.

இரண்டு வருடம் வளர்த்த பிறகு தத்துப் பதிவுக்கு மனு போடலாம் என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். அதற்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தாள் காமினி. பிள்ளைக்கு இரண்டு வயது முடிந்த மறுவாரமே மனுப் பாரத்தை வாங்கி, அடித்தல் திருத்தல் இல்லாமல் நிரப்பி வைத்தாள். பெற்றவளின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. மோகனராஜ் இன்றைக்கு, நாளைக்கு என்று இரண்டு மாதமாகத் தள்ளிக்கொண்டே வந்தான். கடைசியில் இந்தச் சுற்றுலா. பாரத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் காமினி காடியின் முன் இருக்கையில் ஏறினாள்.

"துளசி வீட்டுக்கு என்னைக்குங்க போறோம்?" என்று வழியில் கேட்டாள்.

"கடைசி நாளு. மொதல்ல பிள்ளைக்கு எல்லாம் சுத்திக் காட்டிடலாம்."

அவனுக்கும் இவ்வளவு ஆசை இருந்திருக்கிறதே என்று அவள் மனம் குளிர்ந்தது.

இரண்டாம் நாள் காலையில் ஜார்ஜ் டவுன் தெருக்களில் சுற்றினார்கள். சுவரோவியங்களுக்கு முன்னால் படமெடுக்க நீண்ட வரிசை நின்றது. பிளாஸ்டிக் பூ சுற்றிய ரிக்‌ஷாக்கள் பாட்டை அலறவிட்டுக்கொண்டு போயின. லிட்டில் இந்தியாவில் ஒரு கடை வாசலில் பெரிய ஒலிபெருக்கி தமிழ்ப் பாட்டுக்கு அதிர்ந்துகொண்டிருந்தது. தாரிகா அதன் முன்னால் போய் நின்று, இடுப்பை மட்டும் ஆட்டி ஆட்டி ஆடினாள். கடைக்காரர் வெளியே வந்து கை தட்டினார். வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று நின்று பார்த்தது. மோகனராஜ் படம் எடுத்துக்கொண்டிருந்தவன், சட்டென்று கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டு அடுத்த கடையின் மறைவுக்குப் போனான். காமினி எட்டிப் பார்த்தாள். அவன் கைக்குட்டையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தான்.

"என்னங்க?"

"வெயிலு. வேர்க்குது."

மத்தியானம் பிள்ளைக்கு உடம்பு லேசாகச் சுட்டது. சூலியா தெருவில் பழைய கடைவீட்டை மாற்றிக் கட்டிய ஹோட்டலில் அவர்கள் அறை. தாரிகாவைத் துடைத்துப் படுக்க வைத்தார்கள். பக்கத்திலேயே மோகனராஜும் அசந்து தூங்கிவிட்டான். காய்ச்சல் மருந்து காடியில் இருந்த பையில்தான் இருக்கிறது என்று காமினிக்கு ஞாபகம் வந்தது. அவனை எழுப்ப மனமில்லாமல் மேசையிலிருந்த சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

காடியின் பின்புறத்தைத் திறந்து பையை இழுத்தாள். பைக்குப் பின்னால், விரிப்பை மேலே போட்டு மூடி, ஒரு நீலப்பெட்டி இருந்தது. அவர்கள் வீட்டுப் பெட்டிதான். ஆனால் அவள் அதை அடுக்கவில்லை. திறந்தாள்.

தாரிகாவின் துணிகள். மூன்று நாளைக்கு எடுத்துக்கொண்டு வந்தவை அல்ல, அலமாரியில் இருந்தவை எல்லாம். தீபாவளிப் பாவாடை, மழைக்காலத்துக் கம்பளிச் சட்டை, போன வருடத்தோடு சின்னதாகிப்போன காலணி. ஒரு காதில்லாத பொம்மை முயல். கிளினிக்கில் ஊசி போட்ட புத்தகம். அதற்குள் மடித்து வைத்த பிறப்புப் பத்திரம்.

கையெழுத்து வாங்கும்போது இதெல்லாம் கேட்பார்களோ என்று ஒரு கணம் நினைத்தாள். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தாள். பத்திரம் கேட்கலாம், கிளினிக் புத்தகம்கூடக் கேட்கலாம். கம்பளிச் சட்டையை யார் கேட்பார்கள்? பெட்டியின் அடியில் தாரிகாவின் குட்டித் தலையணை இருந்தது. காமினி அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். காடியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். பக்கத்துப் பணமாற்றுக் கடையில் யாரோ யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மேலே வந்து கதவைச் சாத்தினாள். மோகனராஜ் கண் விழித்தான்.

"அந்தப் பெட்டி என்னங்க?"

எந்தப் பெட்டி என்று அவன் கேட்கவில்லை. அதிலேயே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"சொல்லணும்னுதான் இருந்தேன் காமினி."

"எப்ப?"

"இன்னைக்கு... சாயந்தரம்."

"துளசி கையெழுத்துப் போட மாட்டாளா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "மாட்டா."

"எப்ப சொன்னா?"

"அஞ்சு வாரம் ஆச்சு."

ஐந்து வாரம். அந்த ஐந்து வாரத்தில் ஒவ்வொரு நாளும் அவன் வேலை முடிந்து வந்து பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வீட்டைச் சுற்றி ஓடினான். பாரத்தில் தகப்பன் தொழில் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று அவள் கேட்டபோது யோசித்துப் பதில் சொன்னான்.

"அவ பிள்ளையக் கேக்குறா," என்றான். "ஸ்ரீகரனுக்குக் கல்யாணத்துக்கு முன்னயே எல்லாம் தெரியும். அவரே கூட்டிட்டு வந்துடுன்னு சொல்லிட்டாராம். நான் சும்மா இருக்கல காமினி. லாயரப் போய்ப் பாத்தேன். நம்மகிட்ட கையில ஒண்ணுமே இல்ல. சூராட் பெரானாக்ல, பிறப்புப் பத்திரத்துல, அம்மான்னு அவ பேருதான் இருக்கு. கோர்ட்டுக்குப் போனாலும் நமக்குக் கெடைக்கிறது கஷ்டம்னு சொல்லிட்டாரு."

"அவகிட்ட நீங்க என்ன சொன்னீங்க?"

"என் தங்கச்சி காமினி. ஃபோன்ல அப்படி அழுதா."

"நான் அழுதா?"

அவன் பிள்ளையின் போர்வையைச் சரி செய்தான்.

"நாளைக்குக் குடுக்கிறதுக்கா கூட்டிட்டு வந்தீங்க? கடலு, குதிரை எல்லாம் காட்டி?"

"கடைசியா மூணு நாளாவது சந்தோஷமா இருக்கட்டும்னுதான்..."

"யாரு?" காமினியின் குரல் உயர்ந்தது. "யாரு சந்தோஷமா இருக்கட்டும்னு?"

சத்தத்தில் தாரிகா எழுந்து உட்கார்ந்தாள். கன்னத்தில் படுக்கை விரிப்பின் வரி பதிந்திருந்தது. இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. காமினி ஓடிப்போய் அவளைத் தூக்கி, "ஒண்ணுமில்லடா தங்கம், அம்மாவும் அப்பாவும் வெளையாடுறோம்," என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை எங்கிருந்து எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது.

அதற்குப் பிறகு அன்றைக்கு அவள் அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பிள்ளைக்கு மருந்து கொடுத்தாள். கஞ்சி ஊட்டினாள். ராத்திரி முழுக்க விளக்கை அணைத்துவிட்டு, கண்ணைத் திறந்துகொண்டு, பிள்ளையின் மூச்சைக் கேட்டபடி கிடந்தாள். விடியும் நேரத்தில் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள்.

காலையில் மோகனராஜ் ரொட்டி சானாய் வாங்கக் கீழே போனான். அவன் செருப்புச் சத்தம் படியில் மறைந்ததும் காமினி கைப்பையை மாட்டிக்கொண்டு, பிள்ளையைத் தூக்கி, பின்பக்கப் படியால் இறங்கினாள். சூலியா தெரு முடியும் வரை திரும்பிப் பார்க்கவில்லை. பத்து நிமிட நடையில் ஃபெரித் துறை. அக்கரை போனால் பட்டர்வொர்த், அங்கே ரயில், ரயிலில் ஏறினால் ஈப்போ. ஈப்போவில் தம்பி தயாளன் இருக்கிறான். அதற்கு அப்பால் அவள் யோசித்திருக்கவில்லை.

தாரிகாவுக்குக் கப்பல் புதிது. சன்னலில் மூக்கை அழுத்தி வைத்துக்கொண்டு, "ம்மா, வீடு போவுது! வீடு எல்லாம் போவுது!" என்று குதித்தாள். பின்னால் நகர்ந்து போகும் ஜார்ஜ் டவுனைப் பார்த்து அவள் கூவியதில் சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பக்கத்து இருக்கையில், மகள் வீட்டுக்குப் போவதாகச் சொன்ன ஹாஜரா என்ற அம்மாள், பிள்ளையின் கையில் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்தார்.

"பேரு என்னம்மா?"

"தாயிகா."

"அப்படியே உன் ஜாடை," என்றார் காமினியைப் பார்த்து. "சிரிச்சா அந்தக் குழி விழுது பாரு, உனக்கு விழுற அதே எடத்துல."

காமினிக்குக் கன்னத்தில் குழி விழாது. ஆனாலும் ஆமாம் என்று தலையாட்டினாள்.

பட்டர்வொர்த்தில் இறங்கி நிலையத்துக்கு நடந்தாள். நடந்துகொண்டே தயாளனைக் கூப்பிட்டாள். எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான்.

"வாக்கா. என் வீடு இருக்கு," என்றான் கடைசியில். "ஆனா பிள்ளையோட வந்தா... அவ போலீஸ்ல ரிப்போட் போட்டா என்னக்கா செய்வ? நீ பிள்ளையத் தூக்கிட்டு ஓடிட்டன்னு ஆயிடும்."

"ரெண்டு வருஷத்துக்கு மேல நான் வளத்த பிள்ளைடா!"

"எனக்குத் தெரியும்க்கா. பேப்பருக்குத் தெரியாதே."

அவள் அழைப்பைத் துண்டித்துவிட்டு வரிசையில் நின்றாள். முகப்பில் இருந்த மலாய்ப் பெண் மிக மரியாதையாகத்தான் கேட்டாள்: "பிள்ளையோட அடையாள அட்டை இருக்கா, அக்கா?" அது மோகனராஜின் சட்டைப் பையிலோ, நீலப்பெட்டியிலோ இருக்கிறது. "இருங்க, எடுத்துட்டு வரேன்," என்று சொல்லிவிட்டு காமினி வரிசையிலிருந்து விலகினாள். பிறகு போய் நிற்கவில்லை.

நிலையத்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் தாரிகா கேட்டாள். "ம்மா, பாலு."

கைப்பையில் பாரம் இருந்தது. பணப்பை இருந்தது. பால் போத்தல் இல்லை. அவசரத்தில் அதை மேசையிலேயே விட்டு வந்திருந்தாள். கடையில் பெட்டிப் பால் வாங்கி உறிஞ்சு குழலைப் போட்டுக் கொடுத்தாள். தாரிகா ஒரு வாய் குடித்துத் துப்பினாள். "தாயு போத்தல்! தாயு போத்தல் வேணும்!" பெட்டியைத் தட்டிவிட்டாள். பால் காமினியின் மடியெல்லாம் கொட்டியது. பிள்ளை தரையில் விழுந்து காலை உதைத்து வீரிட்டாள். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள். தூங்காத கண்ணும், பசித்த வயிறும், முந்தின நாள் முதல் விழுங்கி வைத்திருந்த எல்லாமும் ஒன்றாகக் கிளம்பி காமினியின் கைக்கு வந்தன. பிள்ளையின் தொடையில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

இதுவரை அவள் தாரிகாவை அடித்ததில்லை.

பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தாள். யார் இது என்பது போல ஒரு பார்வை. பிறகு, சத்தமில்லாமல், உடம்பெல்லாம் குலுங்க, "ப்பா," என்றாள். "ப்பா வேணும்."

தொடையில் விரல் பதிந்து சிவந்திருந்தது. காமினி அந்த இடத்தைத் தேய்த்துத் தேய்த்துவிட்டாள். முத்தம் கொடுத்தாள். ஒளிந்து வாழ்ந்தால் இப்படித்தான் இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. ஒவ்வொரு கதவு தட்டலுக்கும் பயந்து, ஒவ்வொரு அழுகைக்கும் வாயைப் பொத்தி, கடைசியில் ஒரு நாள் யாரோ சீருடைக்காரர்கள் வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். அப்போது இதே பார்வையைத்தான் பிள்ளை பார்க்கும்.

கைப்பேசியை எடுத்தாள். அதில் பதினேழு அழைப்புகள் இருந்தன.

"பட்டர்வொர்த் ஸ்டேஷன்ல இருக்கோம்," என்றாள். "பால் போத்தல எடுத்துட்டு வாங்க."

மோகனராஜ் அடுத்த ஃபெரியில் வந்தான். செருப்பு கூட மாற்றிப் போட்டிருந்தான், ஒரு கால் அவனுடையது, ஒரு கால் ஹோட்டலுடையது. தாரிகா ஓடிப்போய் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். போத்தல் வாயில் வைத்ததும் அடங்கினாள். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அவன் போத்தலைப் பிடித்திருந்தான்.

"வீட்டுக்குப் போயிடலாமா?" என்றான் திடீரென்று. "காடிய எடுத்துட்டு நேரா சிரம்பானுக்கே போயிடலாம் காமினி. வர்றது வரட்டும். நான் அவகிட்ட பேசிக்கிறேன்."

அவன் முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்லவில்லை. இந்த நிமிடத்தில் அதை மனதாரத்தான் சொல்கிறான். நாளைக்கு ஃபோனில் தங்கை அழுதால் அதையும் மனதாரக் கேட்பான். பதின்மூன்று வருடத்தில் அவனைப் பற்றி அவளுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நினைத்திருந்தாள். இதுதான் தெரியாமல் இருந்திருக்கிறது.

"வேணாம்," என்றாள். "யாரோ வந்து பிடுங்கிட்டுப் போறதுக்குப் பதிலா நானே கொண்டுபோய்க் குடுக்குறேன். என் கையாலயே குடுத்துடுறேன்."

மறுபடி தீவுக்கு வந்து காடியை எடுத்துக்கொண்டு போனார்கள். பாயான் பாருவில் துளசியின் வீடு அடுக்குமாடியின் ஒன்பதாம் தளத்தில் இருந்தது. தொழிற்சாலை ஆட்கள் நிறைந்த கட்டடம். வராந்தாக் கொடிகளில் நீலச் சீருடைகள் காய்ந்துகொண்டிருந்தன. ஸ்ரீகரன் கதவைத் திறந்தான். எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் மேற்பார்வையாளன். ஒல்லியான, மெதுவாகப் பேசும் ஆள். "வாங்கக்கா," என்றான். அவனை வெறுக்க வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தவளுக்கு அது முடியவில்லை. கூடத்தில் புதிதாக ஒரு சின்னக் கட்டில் போட்டிருந்தார்கள். ஒட்டியிருந்த விலைச்சீட்டைக் கூட இன்னும் கிழிக்கவில்லை.

துளசி உள்ளேயிருந்து வந்தாள். ஆளே மெலிந்திருந்தாள். காமினியின் காலில் விழப் போனவளைக் காமினி தோளைப் பிடித்து நிறுத்தினாள். தொட்டதும் கையை எடுத்துக்கொண்டாள்.

"அண்ணி, நான் குடுக்கணும்னு குடுக்கல," என்றாள் துளசி. "அப்ப எனக்கு வேற வழி தெரியல. குடுத்துட்டு இங்க வந்து ஒரு மாசம் பாலு கட்டிக்கிட்டு, சட்டைக்குள்ள துணிய வெச்சுக்கிட்டு வேல செஞ்சேன். ஒருத்தர்கிட்டயும் சொல்ல முடியாது."

"தெரியுது," என்றாள் காமினி. தெரியத்தான் செய்தது. தெரிந்ததால் ஒன்றும் குறையவில்லை.

தாரிகா கட்டிலில் ஏறிக் குதித்தாள். "அத்த, பாரு! அத்த, பாரு!"

காமினி தரையில் உட்கார்ந்தாள். "எழுதிக்க," என்றாள். துளசி கைப்பேசியை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"சோத்துல பருப்பு இருந்தாத்தான் சாப்புடுவா. முட்டை மஞ்சக்கரு குடுக்காத, ஒத்துக்காது. தலைக்குத் தண்ணி ஊத்துறப்ப அண்ணாந்து பாக்கச் சொல்லு, மேல பல்லி இருக்குன்னு. அப்பத்தான் கண்ணுல போவாது. மிக்ஸி போடுறதுக்கு முன்னால சொல்லிட்டுப் போடு, பயப்படுவா. தூங்குறப்ப உன் காதப் பிடிச்சுக்குவா. தட்டி விடாத. வலிச்சாலும் பொறுத்துக்க. தாயுன்னா அவதான், தாரிகா சொல்ல வராது."

துளசி தட்டிக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது. "அண்ணி, கொஞ்சம் மெதுவா," என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி தட்டினாள். மோகனராஜ் நீலப்பெட்டியைச் சுவரோரம் வைத்துவிட்டு வாசலிலேயே நின்றான். உள்ளே வரவில்லை.

சொல்ல வேண்டியது தீர்ந்துபோன பிறகு ஸ்ரீகரன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. கொஞ்ச மாசத்துக்கு... பிள்ள பழகுற வரைக்கும்... வந்து பாக்காம இருந்தா நல்லது. சின்ன வயசுதானே. மறந்துடும்."

ஆறுதலுக்காகத்தான் சொன்னான். காமினி தலையை ஆட்டினாள். இனி யார் ஆறுதல் சொன்னாலும் இந்தச் சொல்தான் வரும் என்று தோன்றியது. மறந்துடும். அவள் முகத்தை, அவள் குரலை, கடற்கரை மணலில் அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டதை. நிலையத்தில் வாங்கிய அடியையும் மறக்கும். அது ஒன்றுதான் நல்லது.

விமான நிலையம் பக்கம் என்பதால் ஒரு விமானம் தாழ்வாகக் கட்டடத்தைக் கடந்தது. தாரிகா கட்டிலிலிருந்து இறங்கிப் பால்கனிக் கம்பிக்கு ஓடினாள். ஸ்ரீகரன் அவளைத் தூக்கிக் காட்டினான். "டாட்டா! டாட்டா!" என்று பிள்ளை ஆகாயத்தைப் பார்த்துக் கையை ஆட்டினாள். துளசி காமினியைப் பார்த்தாள். இப்போது போய்விடுங்கள் என்று அந்தக் கண் கெஞ்சியது.

சொல்லாமல் போக மாட்டேன் என்றுதான் காமினி நினைத்திருந்தாள். பிள்ளையின் முகத்தைப் பிடித்து, அம்மா போய்ட்டு வரேன் என்று ஒரு பொய்யாவது சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று. எழுந்தாள். பிள்ளையின் முதுகைப் பார்த்தாள். அன்றைக்குக் காலையில் அவள் மாட்டிவிட்ட சட்டை. அவசரத்தில் பின்பொத்தான் ஒன்றைப் போடாமல் விட்டிருந்தாள். அதைப் போட்டுவிட வேண்டும் என்று கை துடித்தது. போட்டால் திரும்பிப் பார்ப்பாள். காமினி திரும்பி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் வாசலைத் தாண்டினாள்.

காடி பினாங்குப் பாலத்தில் ஏறியபோது நெரிசல் ஆரம்பித்திருந்தது. விடுமுறை முடிந்து ஊர் திரும்பும் கூட்டம். இரண்டு பக்கமும் கடல், நடுவில் நகராத வண்டிகள். கைப்பேசி அடித்தது. துளசி.

"அண்ணி..." அவள் குரலுக்குப் பின்னால் தாரிகாவின் அலறல். "கதவுகிட்டயே நின்னு அழுவுறா அண்ணி. கிட்டப் போனா அடிக்கிறா. வாந்தி எடுத்துட்டா. என்ன செய்றதுன்னு எனக்குத் தெரியல."

"காத்தாடியப் போடு," என்றாள் காமினி. "சட்டையக் கழட்டிடு. தூக்காத. பக்கத்துல தரையில உக்காரு. அவ மூஞ்சியப் பாக்காத, வேற எங்கயாச்சும் பாத்துக்கிட்டு உக்காரு. அவளா வருவா."

"ஃபோன அவ காதுல வைக்கட்டா? உங்க குரலக் கேட்டா உடனே நிறுத்திடுவா."

காமினியின் வாய் திறந்தது. தங்கம் என்ற சொல் நாக்கு நுனியில் வந்து நின்றது.

"வேணாம்."

"ஒரே ஒரு வார்த்த அண்ணி..."

"வேணாம் துளசி. என் குரலக் கேட்டா என்னையத்தான் தேடுவா. நான் இல்லன்னு தெரிஞ்சாத்தான் உன்கிட்ட வருவா." மூச்சை இழுத்துக்கொண்டாள். "ஃபோன மட்டும் வெச்சிடாத. அப்படியே கீழ வை."

காதோடு அழுத்தி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். "ம்மா, ம்மா," என்ற அலறல். கதவில் சின்னக் கை தட்டும் சத்தம். மோகனராஜ் கைகளை ஸ்டீயரிங்கில் வைத்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். கன்னத்தில் வழிந்ததை அவன் துடைக்கவில்லை. மோட்டார் சைக்கிள்கள் இடுக்கில் புகுந்து போய்க்கொண்டே இருந்தன. அலறல் அழுகையாயிற்று. அழுகை விக்கலாயிற்று. துளசி நடுங்கும் குரலில் எதையோ முனகினாள். விக்கலுக்கும் விக்கலுக்கும் இடையே நேரம் நீண்டது. பிறகு காற்றாடியின் ஓசை மட்டும்.

"அண்ணி," என்று துளசி ரகசியமாகச் சொன்னாள். "மடியில படுத்துட்டா. காதப் பிடிச்சிருக்கா."

காமினி கைப்பேசியை அணைத்தாள். ஒரு வாரமாவது அழுவாள் என்று நினைத்திருந்தாள். ஒரு நாளாவது. பாலம் முடிவதற்குள் முடிந்துவிட்டது. அடங்க வேண்டும் என்று வழி சொல்லிக் கொடுத்தவளும் அவள்தான், அடங்கக் கூடாது என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டவளும் அவள்தான்.

"தூங்கிட்டாளா?" என்று மோகனராஜ் கேட்டான்.

அவள் கைப்பேசியைக் கைப்பைக்குள் போட்டாள். அக்கரையின் கட்டடங்கள் கிட்டே வந்தன. வண்டிகள் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் பிடித்தன.

"என்னைய ஈப்போவுல எறக்கி விட்டுடுங்க," என்றாள். "தயாளன் வீட்டுல."

"எப்ப வந்து கூட்டிக்கட்டும்?"

அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் மறுபடி கேட்கவில்லை. ஈப்போவுக்கு இரண்டு மணி நேரம். ஊருக்குள் திரும்பும் பாதை வந்தபோது அவன் சிக்னல் விளக்கைப் போட்டுவிட்டு, அவள் பக்கம் ஒரு முறை பார்த்தான். அவள் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, இறங்குவதற்குத் தயாராக உட்கார்ந்திருந்தாள்.